வாதாம் மரமும் அத்தை பார்த்த தீபமும்

மரம் வைப்பதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. படிப்பு பத்தாவதோடு சரி; நாலு பேர் எதிரில் பேசச் சொன்னாலே கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எந்த மரத்தை எங்கே வைக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

வேங்கிக்காலில் வீடு கட்டியதும் கார்த்திகை தீபம் ஏற்றும் மலையைப் பார்த்த பக்கம் கொஞ்சம் மண் மிச்சம் இருந்தது.

"செம்பருத்தி, நந்தியாவட்டை வைக்கலாங்க. பூஜைக்கும் ஆவும்" என்றாள் மனைவி.

எனக்குப் பிடிக்கவில்லை. செடியைக் குனிந்து பார்ப்பார்கள். மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். (என்னைத்தான் யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை, என் மரத்தையாவது பார்க்கட்டுமே!) ஒரு வாதாம் கன்றை வாங்கி வந்து நட்டேன். அது நாலே வருஷத்தில் மொட்டை மாடியைத் தாண்டி, குடை மேல் குடையாக விரிந்தது.

"தீபத்துக்கு எங்கம்மா வராங்க. கிளைய கழிச்சி வுடுங்க" என்று மனைவி ஐப்பசியிலேயே சொன்னாள்.

"கார்த்திகைக்குள்ள இலையெல்லாம் தானா கொட்டிடும்" என்றேன், ஏதோ தோட்டக்கலை அதிகாரி மாதிரி. (வாதாம் தை, மாசியில்தான் இலை உதிர்க்கும். இது மரத்துக்குத் தெரிந்திருந்தது.)

தீபத்தன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியார் வந்தார். விடிந்ததிலிருந்து விரதம். மலையில் தீபத்தைப் பார்த்த பிறகுதான் வாயில் தண்ணீரே படும். சாயங்காலம் ஆறு மணிக்கு வேட்டுச் சத்தம் கேட்டது. எல்லா மாடியிலும் "அரோகரா!" எங்கள் மாடியில் மட்டும் இலை.

"எங்க மாப்ளே மலை?"

"இதுக்குப் பின்னாலதான் அத்தை இருக்கு."

பக்கத்து வீட்டார் தங்கள் மாடிக்குக் கூப்பிட்டார்கள். "பொண்ணு வூட்டு மாடி இருக்கும்போது, இன்னொருத்தர் மாடியில நின்னு கும்புடறதா?" என்று அத்தை அசையவில்லை. பட்டினியில் முகம் வாடிக் கிடந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே நான் பாதி மரம் ஏறிவிட்டேன்.

கைப்பிடிச் சுவரிலிருந்து மரத்துக்குத் தாவி, ஒரு கிளையை இடது கையால் இழுத்து, இன்னொன்றை வலது கையால் தள்ளினேன். நடுவில் ஜன்னல் மாதிரி திறந்தது.

"தெரியுது! தெரியுது!" அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து என் வேட்டி நழுவத் தொடங்கியது. புது வேட்டி, கஞ்சி மொடமொடப்பு, இடுப்பில் நிற்கவில்லை.

"அத்தை, வேட்டி..."

"வேட்டி போனா போவுது, கிளைய வுடாதீங்க மாப்ளே!"

போனது. உள்ளே கோடு போட்ட பட்டாபட்டி. தெருவே கைகூப்பி மலையைப் பார்த்து நிற்க, மலைக்கு முன்னால் நான். அத்தை நிதானமாக, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொண்டார். என் பேர் கடைசியில் வந்தது.

அப்புறம் அவர் திருப்தியாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யாராவது பரீட்சை, வேலை, கல்யாணப் பேச்சு என்று தடுமாறினால், மற்றவர்கள் கூட்டாகச் சொல்வது இதுதான்: "வேட்டி போனா போவுது, கிளைய வுடாதே!"

மறுநாள் ஒரு ஆள் வந்து மலைப் பக்கக் கிளைகளை வெட்டினார். பதினொரு நாள் எரியும் தீபம் அன்றைக்கும் எரிந்தது, நன்றாகத் தெரிந்ததாம். நான் மாடிக்குப் போகவில்லை.