அடைப்புக்குறி இல்லாத பதினாறு கேசட்டுகள்

மடவார் வளாகத்திலிருந்து கிளம்பி ராஜபாளையம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள். (பங்குனி வெயில் வேறு. மண்டையில் ஏறியது வெயிலா, வெட்கமா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.) கையில் பிரிக்காத சேவுப் பொட்டலம். 'பரீட்சை நல்லா எழுதினியா தம்பி' என்று கேட்டுக் கொடுக்க வாங்கியது. பார்வையில்லாத ஒரு மனிதனைக் கணக்கில் கவிழ்த்துவிட்டு வந்தவன் கையில் அது தொங்கிக்கொண்டே வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவன். லாரியில் கிளீனராக இருந்தேன், புரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன், கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு மைக்செட் கடைக்காக ஆட்டோவில் உட்கார்ந்து அறிவிப்புச் செய்தேன். குரல் மட்டும் நன்றாக இருந்தது. சேர்ந்த புதிதில் ஒரு கோயில் நோட்டீஸை, "அன்னதானம் உண்டு அடைப்புக்குறி மழை பெய்தாலும் அடைப்புக்குறி" என்று தெருத்தெருவாக வாசித்துவிட்டேன். ஊரே சிரித்தது. முதலாளி மண்டையில் ஒரு குட்டு வைத்தார்.

"ஏலே, எழுத்தை மட்டும் வாசி. கோடு, குறி எதையும் வாசிக்கப்படாது. அதெல்லாம் கண்ணுக்கு, வாய்க்கு இல்ல."

என் தொழிலில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் மடவார் வளாகத்துத் தங்கராசு என்னைத் தேடினான். எட்டாவது படிக்கும்போது வந்த காய்ச்சலில் பார்வை போனவன். இருபத்தைந்து வயதில் தனியாகப் பத்தாவது எழுத நினைத்தான். பாஸானால் டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மற்ற பாடங்களை அவனுடைய அக்கா ஜெயராணி மில் ஷிஃப்ட் முடிந்து வந்து வாசித்துக் காட்டினாள். கணக்குக்கு அவளுக்கு நேரமில்லை. யாராவது வாசித்து டேப்ரிக்கார்டரில் பதிந்து கொடுத்தால் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொள்வான்.

"எம்புட்டுப் படிச்சிருக்கீகண்ணே?" என்று கேட்டான்.

"பியூசி" என்றேன். (காலேஜில் ஒரு வருடம் என்று அர்த்தம். யோசிக்கவே இல்லை. அப்படியே வந்தது.)

மத்தியானங்களில் போய் உட்கார்ந்து வாசித்தேன். திருவிழா அறிவிப்பு மாதிரி, ஏற்ற இறக்கத்தோடு. அடைப்புக்குறிகளை விட்டுவிட்டேன். எக்ஸின் தலைக்கு மேல் குட்டியாக ஒரு இரண்டு இருந்தால், அச்சுக்கோத்தவன் கை தவறி மேலே வைத்துவிட்டான் என்று பாவம் பார்த்து, "எக்ஸ் இரண்டு" என்று சேர்த்து வாசித்தேன்.

பதினோரு கேசட் முடிந்த பிறகு ஒரு நாள் தங்கராசு மெதுவாகக் கேட்டான்.

"ஏண்ணே, இதுல அடைப்பு எதுவுமே வரலையே? எட்டாப்புலயே வருமே."

புத்தகத்தைப் பார்த்தேன். பக்கம் முழுக்க அடைப்பு. பதினோரு கேசட்டையும் நினைத்தேன். பியூசியையும் நினைத்தேன்.

"இருந்தா சொல்லமாட்டேனா தம்பி?"

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் கணக்கை மனதுக்குள்ளேயே போட்டு விடை சொல்வான். நான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரு கணக்கில், இரண்டு போட்டு, அடைப்புக்குள் எக்ஸ் கூட்டல் மூன்று, அது இருபதுக்குச் சமம் என்று இருந்தது. நான், "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று சமம் இருபது" என்று வாசித்திருந்தேன். அவன் சரியாகவே போட்டு, "எட்டரையாண்ணே?" என்றான்.

புத்தகத்தில் ஏழு என்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் முகத்தை என் பக்கமாகத் திருப்பிக் காத்திருந்தான்.

"சரி தம்பி! நூத்துக்கு நூறு!"

அதற்குப் பிறகு எல்லாமே நூற்றுக்கு நூறுதான். பதினாறு கேசட்டும் முடிந்தது.

பரீட்சை அன்று அவன் சொல்லச் சொல்ல எழுத ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் முதல் கேள்வியையே, "அடைப்புக்குறிக்குள்" என்று தொடங்கியிருக்கிறார். கேசட்டில் கேட்டுப் போட்டதெல்லாம் தப்பென்று அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்கிறது. இதெல்லாம் நான் சேவோடு வாசலில் நின்றபோது ஜெயராணி சொன்னது. அவள் மடியில் கணக்குப் புத்தகம் விரிந்து கிடந்தது.

"ஏண்ணே, அவன் போட்டதெல்லாம் சரின்னீகளே. பின்னாடி விடையப் பாத்துச் சொன்னீகளா, இவன் மூஞ்சியப் பாத்துச் சொன்னீகளா?"

"மூஞ்சிய" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மை.

தங்கராசு கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நெசமாவே எம்புட்டுண்ணே படிச்சீக?"

"ஏழாப்பு. அதுவும் பாதி."

"மொதல்லயே சொல்லிருக்கலாமே. குறி என்னமாதிரி இருக்குன்னு நீங்க சொன்னா, அது என்னதுன்னு நான் சொல்லிருப்பேன். ரெண்டு பேரும் பாஸாயிருக்கலாம்."

படியிறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

அவனுக்குக் கணக்கு போயிற்று, அந்த வருடத்துப் பயிற்சி இடமும் போயிற்று. அடுத்த வருடம் ஜெயராணி லீவு போட்டு அதே கேசட்டுகளில் என் குரலின் மேலேயே பதிந்தாள். "அடைப்பு தொறக்குது... அடைப்பு மூடுது... தலைக்கு மேல ரெண்டு" என்று ஒன்றுவிடாமல். பாஸானான், ஆபரேட்டரும் ஆனான். இப்போது கம்ப்யூட்டரே கணக்குப் புத்தகத்தை அப்படிக் குறி விடாமல் வாசிக்கிறதாம். அவனே போனில் சொன்னான். ஒரு கேசட்டின் கடைசியில் மட்டும் அழிக்க மறந்து, டேப் ஓடும்போதே நான் பேசியது கொஞ்சம் தங்கிவிட்டது. விருந்தாளிகள் வந்தால் போட்டுக் காட்டுவார்களாம். "சரி தம்பி! நூத்துக்கு நூறு!" அவன் பேரப்பிள்ளைகள் வரை அந்த வீட்டில் யார் எதில் கோட்டைவிட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள், என் ஏற்ற இறக்கத்தோடேயே. நான் போயிருந்தபோதும் சொன்னார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சேவுப் பொட்டலத்தோடு நடந்த அன்று, இருட்டுவதற்குள் ராஜபாளையம் வந்து மைக்செட் கடையில் கணக்குத் தீர்த்துக்கொண்டேன். மறுநாள் காலை ஒரு நூற்பாலையின் கேட்டில் போய் நின்றேன். சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ள மிஷின் சத்தத்துல ஒருத்தன் பேசுறது ஒருத்தனுக்குக் கேக்காது. நாள் பூராவும் வாயத் தொறக்காம கையாலதான் பேசணும். ஒத்து வருமா?"

"இன்னைக்கே சேந்துக்கிறேன் சார்" என்றேன்.