சூடானா கிளம்பாத மோட்டார்

படகுலதான் வந்தேன் சார். படகு அன்னைக்கே திரும்பிப் போயிடுச்சு, நான்தான் இன்னும் போகலை. இன்னியோட ஒன்பது நாள். நீங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து நாலு நாள்தானே ஆச்சு, அதான் விவரம் தெரியலை. இது என் மச்சான் வீடு. நான் விருந்தாளி இல்ல. கைதின்னும் சொல்ல முடியாது, சாப்பாடு நல்லாவே இருக்கு.

எங்க மாமியார் திட்டற அந்தப் படகு மோட்டாருக்கு என்ன கோளாறுன்னு கேட்டீங்க. அதைச் சொல்லணும்னா என் மாமனார் செத்ததுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

எங்க வீடு ஏரிக்கு அந்தக் கரையில. ரோடு வழியா சுத்தி வந்தா ரெண்டு மணி நேரம், படகுல வந்தா இருபத்தஞ்சு நிமிஷம். நான் மரக்கடையில ஸ்டோர் கீப்பர். என் பொண்டாட்டி பல் டாக்டர்கிட்ட உதவிக்கு நிக்கறா. ரெண்டு பேரும் இங்க வந்துபோகத்தான் பழைய படகு ஒண்ணு வாங்கினேன், பின்னாடி மாட்டற மோட்டாரோட. எட்டு குதிரை சக்தின்னு மேல எழுதியிருக்கும். எங்கிட்ட வர்றதுக்குள்ள அஞ்சு குதிரை செத்துப்போச்சு, மிச்சம் மூணுக்கும் பிடிவாதம்.

காலையில ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகும். ஓடி சூடானப்புறம் நிறுத்திட்டா போச்சு. கயிறு இழுத்து இழுத்து நம்ம தோள்பட்டைதான் கழண்டு வரும். நாப்பது நிமிஷம் ஆறவிட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஒரே இழுப்பு. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னு அவ ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தா. நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் எலக்ட்ரிகல் படிச்சவன். பகல்ல படிச்ச மெக்கானிக் வந்து எனக்கு என்ன சொல்லித் தரப்போறான்?

ஒருநாள் சாயங்காலம் மச்சான் போன் பண்ணினார். அப்பாவுக்கு மூச்சு வாங்குது, உடனே வாங்கன்னார். கிளம்பினோம். பாதி ஏரியில, தண்ணிக்குள்ள சுத்தற மோட்டார் விசிறியில பாசி சுத்திக்கிச்சு. மோட்டாரை நிறுத்திப் பாசியைப் பிடுங்கிட்டுக் கயிறை இழுத்தேன்.

வரலை.

துடுப்பு ஒண்ணுதான் இருந்துச்சு. ஒத்தைத் துடுப்பை நான் போட்டா படகு நின்ன இடத்துலயே கோலம் போடும். இதோ ஆயிடும், இதோ ஆயிடும்னு இழுத்துக்கிட்டே இருந்தேன். அவ மடியில போனை வச்சுக்கிட்டுக் கரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. முப்பத்தொண்ணாவது நிமிஷம் போன் அடிச்சுது. எடுத்துக் காதுல வச்சா. சரின்னா. வச்சிட்டா.

நாப்பதாவது நிமிஷம் மோட்டார் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு.

எல்லாம் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும், மூணு வாரம் நான் அந்த மோட்டாரை விடலை. பிளக்கை மாத்தினேன். காயிலை மாத்தினேன். கார்புரேட்டரைக் கழட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி கழுவினேன். ஒரு நோட்டு போட்டு, எத்தனை நிமிஷம் ஓடுச்சு, எத்தனை இழுப்பு, வெயிலா நிழலான்னு பத்து பக்கம் எழுதினேன். பெட்ரோல் சரியில்லைன்னு எழுதினேன், மோட்டார் செஞ்சவன் சரியில்லைன்னு எழுதினேன். ஏரித் தண்ணி சரியில்லைன்னுகூட ஒரு பக்கம் இருக்கு. அவ சமைச்சா, வேலைக்குப் போனா, வந்தா. எங்கிட்ட பேசறது மட்டும் நின்னுபோச்சு.

கடைசியில வெக்கத்தை விட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். நல்லா ஓட்டிச் சூடாக்கிட்டு, இப்ப இழு பாக்கலாம்னேன். இழுத்தான். ஒரே இழுப்பு. நான் இழுத்தேன், வரலை. கொஞ்சம் பொறுத்து அவன் இழுத்தான், புகையைக் கக்கிட்டு வந்துச்சு. எனக்கு வருதே சார்னான். அவனுக்கு ராசியான கைன்னு எழுதி நோட்டை மூடினேன். என் பொண்டாட்டி டீயைக் கொடுத்துட்டு அங்கேயே நின்னு அவன் கையைப் பார்த்தா, என் கையைப் பார்த்தா. டாக்டர் கை அடுத்து எதுக்கு நீளும்னு பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுக்கறவ இல்லையா.

மறுநாள் ஹால்ல ஒரு பெட்டி நின்னுச்சு. இழுத்துப் பூட்டின பெரிய பெட்டி. ஞாயித்துக்கிழமை இந்தப் பெட்டியை அண்ணன் வீட்டுல விடணும், படகை எடுங்கன்னா. மூணு வாரத்துல அவ பேசின முதல் வாக்கியம் அதுதான்.

என்னை விட்டுக் கிளம்பறான்னு நினைச்சேன். பதினாறு வருஷக் குடித்தனம் ஒரு பெட்டியில அடங்கி நிக்குது. ராத்திரி பூரா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த மோட்டார் கெடுத்துச்சோ அதையே வச்சுச் சரிபண்றதுன்னு. நடு ஏரியில நிறுத்திடணும். நாப்பது நிமிஷம் அவ எழுந்து போக முடியாது, கதவைச் சாத்திக்க முடியாது, சமையலறையில பாத்திரத்தை உருட்ட முடியாது. நாப்பது நிமிஷம் முழுசாப் பேசக் கிடைச்சா நான் கல்லையே கரைச்சிடுவேன்.

ஞாயித்துக்கிழமை பாதி ஏரியில பாசின்னு சொல்லி நிறுத்தினேன். இல்லாத பாசியைப் பிடுங்கினேன். ஏழெட்டு தடவை இழுத்தேன். வரலை. வராதுன்னு எனக்குத் தெரியாதா?

"என்ன?"ன்னா.

"சூடு. நாப்பது நிமிஷம் ஆகும்."

"சரி."

கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டா. நான் ஆரம்பிச்சேன். வீட்டைப் பெருக்கறேன்னேன். குறட்டையை நிறுத்தறேன்னேன். புது மோட்டார் வாங்கலாம்னேன். இந்தக் காயில் இருக்கே, அது சூடானா எப்படிச் சோர்ந்துபோகும் தெரியுமான்னு பாடமே எடுத்தேன். வாயைத் திறந்து வச்சிருக்கறவங்களைத் தினம் பாக்கறவ, அசையாம கேட்டா. எல்லாம் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"அன்னைக்கு மோட்டார் ஏன் வரலை?"

"அதான் சொன்னேனே, சூடுன்னு."

"உங்க கை ஒண்ணும் பண்ணலை?"

"என் கையில கொப்புளம் வந்ததுதான் மிச்சம்."

"தள்ளி உக்காருங்க"ன்னா.

எழுந்து வந்தா. நான் வெளியே இழுத்து வச்சிருந்த சோக்கை, அதான் பெட்ரோலைக் கூட்டி விடற குமிழை, ஒரே விரலால உள்ள தள்ளினா. வேகம் கூட்டற கைப்பிடியை முழுக்கத் திருகினா. கயிறை இழுத்தா. ரெண்டு இழுப்புக்குக் கறுப்புப் புகை வந்துச்சு, மூணாவதுல பிடிச்சுக்கிச்சு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம்.

"குளிர்ந்திருக்கும்போதுதான் சோக்கை இழுக்கணும். சூடா இருக்கறப்ப இழுத்தா உள்ள பெட்ரோல் ரொம்பிப்போய் மூச்சு முட்டும். அன்னைக்கு மெக்கானிக்கைக் கேட்டேன், ஒரு நிமிஷத்துல சொல்லிட்டார்."

நான் ஒவ்வொரு தடவையும் முதல்ல சோக்கை இழுத்துட்டுத்தான் கயிறைத் தொடுவேன் சார். பழக்கம். அந்த நாப்பது நிமிஷம் மோட்டார் ஆறறதுக்கு ஆன நேரம் இல்ல. நான் ஊத்தின பெட்ரோல் காயறதுக்கு ஆன நேரம். பத்து பக்கம் எழுதினேனே, என் கையைப் பத்தி ஒரு வரி கிடையாது.

அப்புறம் படகை அவதான் ஓட்டினா. நான் முன்னாடி பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து வந்தேன். பேசறதுக்கு இன்னும் இருபத்தொம்பது நிமிஷம் பாக்கி இருந்துச்சு. பெட்டி நழுவாமப் பிடிச்சுக்கிட்டேன்.

கரை வந்துச்சு. நான் இறங்கிப் பெட்டியைத் தோள்ல தூக்கிப் படியேறினேன். பொணக் கனம். இப்படியா இரும்பை அடைச்சு வைப்பாங்கன்னு திரும்பிப் பாத்தா, அவ இறங்கலை.

"அதுல உங்க சட்டை, செருப்பு, அந்த நோட்டு எல்லாம் இருக்கு. சாவி அண்ணன்கிட்ட. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். மோட்டார் மேல போடாம. சொன்ன அன்னைக்குப் போன் பண்ணுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

மோட்டார் அப்ப நல்ல சூடு. ஒரே இழுப்பு. போயிட்டா.

ஒன்பது நாளா சொல்லத்தான் பாக்கறேன். முடியலை சார். மாமனார் படுத்திருந்த கட்டில்லதான் எனக்குப் படுக்கை போட்டிருக்காங்க. கூரையில ஒரு விரிசல் இருக்கு, அவர் கடைசியா அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாரு. மாமியார் தட்டு வைக்கறப்ப எல்லாம், அந்தப் பாழாப்போன மோட்டார் மட்டும் ஓடியிருந்தா மக முகத்தைப் பார்த்துட்டுக் கண்ணை மூடியிருப்பாரேன்னு சொல்லிக்கிட்டே பரிமாறுவாங்க. அத்தைன்னு ஆரம்பிப்பேன். என்ன மாப்பிள்ளை, குழம்பான்னு கேப்பாங்க. ஆமாம்பேன். ஒன்பது நாள்ல ரெண்டு சுத்து பெருத்திருக்கேன். நீங்க அன்னியம், அதனால உங்ககிட்ட வாய் வருது. அவங்ககிட்ட எப்படி...

அத்தைதான் கூப்பிடறாங்க. இருங்க, ஜன்னல்கிட்டதான் நிக்கறாங்க போல.

"மாப்பிள்ளை, அவர்கிட்டயும் சொல்லியாச்சா? முடி வெட்டறவன் வந்து சொல்லிட்டான், தபால்காரர் சொல்லிட்டார், பால்காரன் பொண்டாட்டி நேத்து அழுதுகிட்டே சொல்லிட்டுப் போனா. எங்கிட்ட சொல்ல இனிமே நீங்க ஒருத்தர்தான் பாக்கி. உள்ள வாங்க."

வரேன் சார்.