மாமியார் பாஸ் போட்ட சுவிட்ச்

“…ஐயோ சேர், அந்த சுவிட்ச்ச நீங்க தொட்டுறாதீங்க! வெளியில எங்க மாமியார் நிக்கிறாங்க, கூப்பிட்டுக்கிறேன்!”

வயரிங் வேலைக்கு லைசன்ஸ் கொடுக்கும் செய்முறைப் பரீட்சையில், ஹட்டனில், பட்டப்பகலில் ஒரு மனிதர் இப்படிச் சொன்னார். பரீட்சகர் நீட்டிய விரலோடு அப்படியே நின்றுவிட்டார். கரண்டு அடித்தவராவது கொஞ்சம் ஆடுவார். இவரிடம் அதுகூட இல்லை.

சொன்னவர் மாமியார் பாஸ். எங்கள் பக்கத்தில் மேசன், தச்சர், வயரிங்காரர், யாராக இருந்தாலும் ‘பாஸ்’தான். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். லைசன்ஸுக்குப் பதிலாக, காப்புறுதிக்குப் பதிலாக, மனைவியைப் பெற்றவரை வைத்துத் தொழில் நடத்திய மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். இன்னொருவர் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், அந்த ஊருக்கே குடிபோய்விடுகிறேன்.

வீட்டுக்கு வயர் இழுத்து, ஹோல்டர் மாட்டி, கரண்டு கொடுத்து முடித்ததும் பாஸ் கையைக் கட்டிக்கொள்வார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஆள் போகும். ஒரு காலத்தில் கொழுந்து பறித்த அவருடைய மாமியார், வெளுத்த சேலையும் நெற்றி நிறைய திருநீறுமாக வந்து ஒவ்வொரு சுவிட்ச்சாகப் போடுவார். கடைசி பல்ப்பும் எரிந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே உள்ளே இடம்.

வட்டவளையில் ஒரு கடை முதலாளி, அவசரக்காரர். புது வீட்டில் பால் காய்ச்சுகிற நேரம் நெருங்கிவிட்டது, மாமியார் ஏறிய பஸ்ஸைக் காணோம். “நானே போடுறேன்யா” என்று கையை நீட்டினார். பாஸ் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் போய், ராகு காலம் வந்து, அதுவும் போன பிறகு மாமியார் வந்து சேர்ந்தார்.

“என்னா பாஸ், மாமியார் நல்லா இருக்காங்களா?” என்று பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால் அது நலம் விசாரிப்பு அல்ல, வேலைத்தர விசாரிப்பு. “இருக்காங்களே! போன வாரம்கூட கொட்டகலையில ஒரு வீட்டுக்கு சுவிட்ச் போட்டுட்டு வந்தாங்க” என்பார் பெருமையாக. அவர் மனைவிக்குத்தான் ஆற்றாமை. “மாமியார விரட்டுறவன பாத்திருக்கேன், மதிக்கிறவன பாத்திருக்கேன். கரண்டுல கைய வைக்கச் சொல்றவன நான் ஒருத்திதான் கட்டியிருக்கேன்!”

பிறகு காலம் மாறியது. வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் லைசன்ஸ் கேட்டார்கள். லைசன்ஸ் இல்லாதவர் செய்த வயரிங் எரிந்தால் ஒரு சதமும் கிடையாது என்று காப்புறுதிக்காரர் வீடு வீடாகச் சொல்லிப்போனார். கடைசியில் மாரியாத்தா கோயில் கமிட்டிக்காரரே தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க பாஸ். தேருக்கு சீரியல் லைட் போடுறதுக்கும் இனிமே லைசன்ஸ் வேணுமாம், உங்க பேர்ல காப்புறுதியும் வேணுமாம்.”

“மாரியாத்தாளுக்குமா?” என்று பாஸ் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வேறு தொழில் தெரியாத மனிதர். பரீட்சையில் தேறினால் வீட்டில் அடுப்பு எரியும், இல்லையென்றால் இல்லை.

பஜாரில் வயர் விற்கிற கடைக்காரன் என்ற முறையில் நான் துணைக்குப் போனேன். மாமியாரும் வந்தார். கோயிலுக்குத் தேங்காய் உடைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

பரீட்சகர் ஒருவழியாக நீட்டிய விரலை மடக்கினார்.

“யாரு நிக்கிறா?”

“மாமியார், சேர்.”

“எதுக்கு?”

“மொத சுவிட்ச் அவங்கதான் சேர் போடுவாங்க.”

“ஷாக் அடிச்சா?”

“அடிக்காது சேர். அவங்க கைய வைக்கப் போறாங்கன்னுதானே ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பாத்துப் பாத்து முறுக்குறேன். யாரோ ஒரு முதலாளின்னா கை கொஞ்சம் அசந்துரும். எங்க அத்தைன்னா அசருமா?”

பரீட்சைக்கு வந்திருந்த மற்றவர்கள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“இதுக்குப் பேரு கொலை முயற்சி!” என்று பரீட்சகர் கத்தினார். “டெஸ்ட் பண்ண மீட்டர் இருக்கு. இனிமே எந்த மனுசரையும் வச்சுப் பாக்க மாட்டேன்னு இப்பவே சொல்லுங்க. இல்லாட்டி லைசன்ஸ் கிடையாது.”

பாஸ் வாசலைப் பார்த்தார். எந்தப் புது வீட்டிலும் முதல் வெற்றிலை மாமியாருக்குத்தான். அந்த மரியாதையை இத்தனை பேர் முன்னால் எப்படிப் பிடுங்குவது? மனிதர் வியர்த்து நின்றார்.

வாசலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “சொல்லிப்புடுங்க மாப்ள. இந்தப் பாழாப்போன பயம் என்னைய விட்டு ஒழியட்டும்.”

பாஸ் திரும்பினார். “பயமா? உங்களுக்கா அத்தை?”

“பின்னே? கரண்டு என்னா நம்ம சாதிசனமா, ஆளப் பாத்து அடிக்க? ஒவ்வொரு வீட்டுலயும் ஆத்தாள நெனச்சுக்கிட்டு கண்ண மூடித்தான் கைய வைப்பேன். நான் நடுங்குறத வெளிய காட்டுனா உங்க வேலைய எவன் நம்புவான்?”

பாஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார். “இனிமே மாட்டேன் சேர்” என்றார்.

மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி. “இப்ப நீங்களே சுவிட்ச்ச போடுங்க. எரிஞ்சா தேறிட்டீங்க” என்றார் பரீட்சகர்.

“ஒரு நிமிசம் சேர்” என்று பாஸ் வெளியே வந்தார். மாப்பிள்ளை மாமியாரைத் தொடுவது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. அன்று கையைப் பிடித்துப் படியிறக்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். “இங்கனயே இருங்க அத்தை. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க.”

திரும்பி வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே முதல் சுவிட்ச்சைப் போட்டார். பல்ப் எரிந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். பாஸ் மட்டும் ஜன்னல் வழியாக அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.