ஆயிரத்து இருபத்து நான்கு வட்டங்கள் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இப்படி அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில்),

பணிவான வணக்கங்கள். இங்கே நான், மனைவி, மகள் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே தாங்களும் அம்மையாரும் மாப்பிள்ளையும் சுகமாகவும், முக்கியமாகச் சாந்தமாகவும் இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் குடும்பத்தோடு கல்யாணப் பேச்சுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, வந்த வேகத்திலேயே திரும்பிப் போய் இன்றோடு பதினோரு நாளாகிறது. "அப்புறம் பேசலாம்" என்று வாசலில் சொன்னீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களா என்று மகளிடம் கேட்டேன். "பெரியவங்க விஷயத்தை நீங்களே பேசித் தீர்த்துக்கோங்கப்பா" என்றுவிட்டாள். தாங்கள் கோபமாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம், தங்கள் ஃபோன் பழுதாகவும் இருக்கலாம். எது என்று தெரியாததால் மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அன்று தாங்கள் பார்த்தது ஒரு பைத்தியக்காரக் குடும்பம் அல்ல, வேலை பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக மேற்பார்வையாளர் என்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் பெல்ட்டில் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு கேமரா ஒவ்வொன்றையும் பார்த்து நல்லதா, விரிசலா என்று சொல்லும். விரிசல் பாட்டிலைத் தள்ளிவிட ஓர் இரும்புக் கை உண்டு. அந்தக் கை கேமராவிலிருந்து பத்து பாட்டில் தூரத்தில் இருக்கிறது. அதாவது ஒவ்வொரு பாட்டில் கேமராவைத் தாண்டும்போதும், கடைசியிலிருந்து எண்ணினால் பத்தாவதாகப் போனது விரிசலா என்று ஞாபகம் வைத்திருந்து கை தள்ள வேண்டும். இதற்கு ஒரு புது ஏற்பாடு செய்ய இளம் இன்ஜினியர் ஒருவர் வந்தார். எதைக் கேட்டாலும் வட்டம் போட்டுத்தான் பதில் சொல்வார், அதனால் அவருக்கு வட்டம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் பலகையில் பதினோரு வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தார். விரிசல் ஒன்று வந்ததும் இயந்திரம், "கடைசியிலிருந்து பத்தாவது இதுதான்" என்று ஊகிக்குமாம். ஊகித்தால் அடுத்த வட்டத்துக்குப் போகுமாம், ஊகிக்காவிட்டால் அங்கேயே இருக்குமாம். ஏதாவது ஒரு வழியில் சரியாக வந்துவிட்டால் சரியாம். இதற்குப் பெயர் தீர்மானமில்லாத தானியங்கியாம்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என் சர்வீஸில் நான் எந்த இயந்திரத்தையும் ஊகிக்க விட்டதில்லை, ஊகிக்கிறதுக்குத்தான் எங்களை வெச்சிருக்காங்க என்று சபையில் சொல்லிவிட்டேன். வட்டம் கோபித்துக்கொள்ளவில்லை. ஊகிக்கிற எந்த இயந்திரத்தையும் ஊகிக்காததாக மாற்றிவிடலாம், அதற்கு நிச்சயமான வழி இருக்கிறது என்றார். அப்படியானால் அதை நானே மாற்றித் தருகிறேன் என்று நான் சொன்னதை எங்கள் மேனேஜர் பிடித்துக்கொண்டார். அவரை நாங்கள் நாளைக்கே என்று அழைப்போம். எதைச் சொன்னாலும் நாளைக்கே வேண்டும் என்பார். எனக்கு இரண்டு நாள் கொடுத்தார்.

வழி சுலபம்தான், சம்பந்தி. மூன்று பாட்டில் தூரத்துக்கு இன்ஜினியர் வட்டம் சொல்லிக் கொடுத்ததை வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் போட்டுப் பார்த்தேன். இயந்திரம் எந்த வட்டத்தில் இருக்கிறது என்று தெரியாதா, கவலையே வேண்டாம், எங்கெல்லாம் இருக்கக்கூடுமோ அங்கெல்லாம் ஒரு பாட்டில் மூடி வை. முதல் வட்டத்தில் எப்போதும் ஒரு மூடி இருக்கும். பாட்டில் ஒன்று வந்தால் மற்ற மூடிகளெல்லாம் ஓரடி முன்னால் போகும், கடைசி வட்டத்தில் இருந்தது கீழே விழும். வந்தது விரிசலாக இருந்தால் இரண்டாவது வட்டத்தில் புதிதாக ஒரு மூடி. இப்படி எத்தனை விதமாக மூடிகள் உட்கார முடியுமோ, ஒவ்வொரு விதத்தையும் ஒரு புது வட்டமாக எழுதிக்கொண்டால் போதும், ஊகம் ஒழிந்தது. மூன்றுக்கு எட்டு வட்டம் வந்தது. என் மனைவி கூட, அழகா இருக்கே என்றாள். மூன்றுக்கு எட்டு என்றால் பத்துக்கு இருபத்தைந்து, மிஞ்சினால் முப்பது என்று நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன்.

நாலுக்குப் பதினாறு வந்தது. அஞ்சுக்கு முப்பத்திரண்டு. ஆறு வந்தப்போ மேஜை போதலை, தரைக்கு வந்தோம். எட்டு வந்தப்போ சோபாவை நகர்த்தினோம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் எல்லாமே ரெண்டு மடங்கு ஆகுதுன்னு என் மகதான் கண்டுபிடிச்சா. பத்துக்கு ஆயிரத்து இருபத்து நாலுன்னு சொல்லிட்டு, விட்டுடலாமாப்பான்னு கேட்டா. சபையில சொன்ன வார்த்தையை எப்படி விடறது, நீங்களே சொல்லுங்க. "இத்தனை வரும்னு அந்தப் பிள்ளைகிட்ட முதல்லயே ஏன் கேக்கலை?" என்றாள் என் மனைவி. நான் அடுத்த தாளை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தேன்.

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தாங்கள் வந்து சேர்ந்தீர்கள். வருவதாகத் தாங்கள் இரண்டு முறை ஃபோனில் சொன்னது உண்மை. நான் சந்தோஷமாகச் சரி என்றதும் உண்மை. மூடிகளுக்கு நடுவே அது எங்கேயோ விழுந்துவிட்டது. கதவைத் திறந்ததும் வாங்க என்று சொல்லாமல், "நல்லதா, விரிசலா?" என்று நான் கேட்டது தங்களை அல்ல. உள்ளேயிருந்து என் மனைவி அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவளைக் கேட்டேன். தாங்கள் பெருந்தன்மையாக, "நல்லாத்தான் இருக்கோம்" என்றீர்கள். தங்கள் வீட்டு அம்மையார் உள்ளே காலெடுத்து வைத்தபோது, "அறுநூத்திப் பன்னெண்டை மிதிக்காதீங்க" என்று நான் கத்தியதற்கு அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவும் தயார். நல்லவேளையாக அவர் காலை எடுத்துவிட்டார், ஆனால் எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

என் மகளைத் தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது. அவள் மரியாதை தெரிந்த பெண். என்னம்மா பண்றே என்று தாங்கள் கேட்டதற்கு, தலையைக் கூடத் தூக்காமல், "ஒரு நிமிஷம் மாமா, நான் இப்போ ஏழு இடத்துல இருக்கேன்" என்று அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. ஏழு மூடிகள் அவள் முன்னால் இருந்தன. ஆனால் தங்கள் முகம் போன போக்கைப் பார்த்தபோது, மூடி விஷயத்தை விளக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று பட்டதால் விளக்கவில்லை. இப்போது மொத்தமாக விளக்கிவிட்டேன்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாங்களும் அம்மையாரும் படியிறங்கிய பிறகு அவர் வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பல் மருத்துவமனையில் நாள் முழுக்க எக்ஸ்ரே பார்க்கிற கண் அல்லவா. வாசல் பக்கம் கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்த அம்பு அங்க போகக் கூடாதே" என்று ஒன்றைக் காட்டினார். சரிபார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அதை விட்டிருந்தால் பின்னால் நூறு வட்டம் கெட்டுப்போயிருக்கும். அந்த நிமிஷத்திலிருந்து, மருமகன் என்று ஒருவர் எனக்கு வந்தால் அவர்தான் வர வேண்டும் என்று மனசில் முடிவாகிவிட்டது. இதைத் தாங்கள் எந்த மனநிலையில் படித்தாலும் நம்ப வேண்டும்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கெடு ஐந்து நாளாக நீண்டு, புதன்கிழமை வேலை முடிந்தது. அறுபத்து நான்கு தாள், தாளுக்குப் பதினாறு வட்டம், ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் இரண்டு அம்பு, ஓர் அடித்தல் கிடையாது. அதை மேனேஜர் முன்னால் வைத்தபோது வட்டம் எழுந்தே நின்றுவிட்டார். இதை யாரும் கையால் போட்டு இதுவரை பார்த்ததில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஒரு நொடி வேலை சார். நீங்க ஆசையா கேட்டீங்க, வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

அது போதாது என்று, மூடி இறுக்குகிற இயந்திரத்தில் வேலை செய்கிற பெண்மணி ஏதோ கையெழுத்து வாங்க அறைக்குள் வந்தார். தாள்களைப் பார்த்து இது எதுக்கு என்று கேட்டார். சொன்னோம். "கேமராவை அந்த இரும்புக் கைக்குப் பக்கத்துலயே வெச்சுட்டா பத்து பாட்டிலை யாரும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாமே சார்" என்றார். மேனேஜர் அப்போதே ஃபிட்டருக்கு ஆள் அனுப்பினார். ஃபிட்டர் வந்து நாலு போல்ட்டைக் கழற்றி, கேமராவை நகர்த்தி, மறுபடி மாட்ட நாற்பது நிமிஷம் ஆனது. இப்போது இரண்டே வட்டம். நல்லது ஒன்று, விரிசல் ஒன்று.

ஆகவே சம்பந்தி, விஷயம் முழுசாக முடிந்துவிட்டது. சோபா பழைய இடத்துக்கு வந்தாயிற்று. தரை துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. இனி வீட்டில் ஒரு வட்டம்கூட வரைவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவளும் வேறு யோசனை இல்லாமல் நம்பிவிட்டாள். என் மகள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், ஃபோனைக் கை மாற்றிக் கை மாற்றி வைத்துக்கொள்கிறாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் மறுபடியும் வந்து, ஒரு சாதாரணக் குடும்பம் எப்படி இருக்கும் என்று பார்த்துப் போக வேண்டும். எங்கே வேண்டுமானாலும் கால் வைக்கலாம்.

அம்மையாருக்கு வெட்கத்தோடு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு மனம் நிறைந்த ஆசி. தங்கள் வீட்டில் எல்லாக் காரியமும் ஒரே முயற்சியில் கைகூடட்டும்.

இப்படிக்கு,
முழுத் தெளிவோடு இருக்கும்,
தங்கள் சம்பந்தி.

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன மாறுதல். பாட்டில் கழுவுகிற தண்ணீர் தெறித்துப் புது இடத்தில் கேமரா கெட்டுப்போய்விட்டது. புதுக் கேமராவை முன்பு இருந்ததற்கும் தள்ளி, பன்னிரண்டு பாட்டில் தூரத்தில் மாட்டிவிட்டார்கள். நாலாயிரத்துத் தொண்ணூற்று ஆறு வட்டம். கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் போட்டுத் தருகிறேன் என்றுதான் வட்டம் சொன்னார். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை, கையாலும் ஒருதரம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நானே கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். சோபாவை இப்போதுதான் மாடிப்படிக்குக் கீழே தள்ளினோம். ஆகையால் தாங்களும் அம்மையாரும் அடுத்த மாதம் சௌகரியமாக வரலாம். மாப்பிள்ளையை மட்டும் சனிக்கிழமை காலையிலேயே அனுப்பிவைக்கவும்.