மூன்றாவது பீங்கான்

மேசையில் இரண்டு பீங்கான் தட்டுகள் இருந்தன. மர்சூக் ஒருவன்தான் வந்திருந்தான்.

பிரான்சின் பிரெத்தோன் கரையில் ஒரு பழைய மீன்பிடித் துறைமுகம். கல் அலைதடுப்பு, முந்நூறு வருடக் காவல் கோபுரம், பன்னிரண்டு வள்ளங்கள். இலங்கையில், மருதமுனை வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவன் மனைவி நிஹ்லா ஒட்டிவைத்த படம் இதுதான். போன வருடம் அவளே, பயணிகளுக்கு அறை விடும் இந்த வீட்டில் இருவருக்கு அறை பதிந்தாள். அவள் மௌத்தாகி, அடக்கம் செய்து ஏழு மாதம். அந்தச் சொல்லை மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மர்சூக் இன்னும் சொன்னதில்லை.

வீட்டுக்காரி, அறுபது வயதுப் பெண், மீன் சூப்போடு நின்றாள். ஊரிலும் ஆண் விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரி நிற்பாள்தான். அது அவனுக்கு வித்தியாசமாகப் படவில்லை. பிரெஞ்சு தெரியாததால், பாரிஸில் இருக்கும் நிஹ்லாவின் சகோதரன் ஷிப்லியை அழைத்தான்.

"மச்சான், ரெண்டு பீங்கான் வெச்சிரிக்கா. பதிவ மாத்தல்லயா?"

"மாத்தினனே. ஒராளுக்குத்தான். அவட்டப் போனக் குடு."

ஷிப்லியோடு கதைத்து முடிந்ததும் வீட்டுக்காரியின் முகம் மலர்ந்தது. உள்ளே போய் மூன்றாவது பீங்கானைக் கொண்டுவந்தாள்.

"என்னடா சொன்ன?"

"நிஹ்லா எங்கெயெண்டு கேட்டா. பழைய பதிவில பேர் இரிக்கி. எனக்கு அந்தச் சொல் வாயில வரல்ல. பிறகு வாறா எண்டுட்டன்."

"இப்ப மூணு பீங்கான். புள்ளையும் இரிக்கெண்டியா?"

"இல்லடா. பொறு, பஸ் தவறிட்டெண்டு சொல்றன்."

சொன்னான். அவள் சூப்பை மூடிவைத்து, குடையை எடுத்து, மழையில் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். மர்சூக் பின்னால் ஓடினான். வலை தைத்துக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் விசாரித்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள்.

பஸ் வந்தது. ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் இறங்கினார்கள். கதவு மூடும்வரை மூன்று பேரும் பார்த்தார்கள். மர்சூக்கும் பார்த்தான்.

அடுத்த ஊருக்கே போய்க் கூட்டிவர, ஒரு மீனவர் வேன் சாவியை எடுத்தார்.

மர்சூக் மறுபடி அழைத்தான்.

"ஷிப்லி, சொல்லிப்போடு. மௌத்தாகிட்டா எண்டு."



"நீ இப்பதான் முதல் தரம் சொல்ற, மச்சான்."

"ஓம். அவட்டயும் சொல்லு."

வீட்டுக்காரி போனை வாங்கிக் கேட்டாள். மீனவர்களிடம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள். சாவி பைக்குள் போனது. திரும்பும் வழி முழுக்கக் குடையை அவன் பக்கமே சாய்த்துப் பிடித்தாள்.

வீட்டில் ஒரு பீங்கானை எடுத்து அலுமாரியில் வைத்தாள். மேசையில் இன்னும் இரண்டு இருந்தன.

"மச்சான், அவக்கு விளங்கல்ல போல. ரெண்டு கிடக்கு."

ஷிப்லி அவளிடம் கேட்டான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத குரலில் மர்சூக்கிடம் திரும்பினான்.

"மத்தது முதல்லயிருந்தே தன்ட பீங்கானாம். தனியச் சாப்பிட்டு அலுத்துப்போயிட்டாம்."