ஊசி கோத்த தருணம்

மதிப்பெண்ணை மட்டும் நம்பிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது காலத்துக்கு ஒவ்வாத பழக்கம் என்று கல்லூரி நிர்வாகம் ஆழ்ந்து ஆலோசித்து முடிவெடுத்தது. ஆகவே இந்த வருடம் முதல் விண்ணப்பிப்பவர் ஒவ்வொருவரும், தம் வாழ்வின் அர்த்தத்தை உணர்த்திய சின்னஞ்சிறு தருணம் ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். அது நேர்ந்தது உண்மைதான் என்று தருணச் சரிபார்ப்புப் பிரிவில் முத்திரையும் வாங்க வேண்டும்.

தையல்கடைக்காரி விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். மகள் எல்லாப் பாடத்திலும் தொண்ணூற்றைத் தாண்டியவள். ஆனால் பதினேழு வருடத்தில் ஒரு தருணம்கூட இல்லை. காய்ச்சல் வந்தால் ஊசி போட்டோம், செருப்பு கிழிந்தால் செருப்பு வாங்கினோம், இதை எப்படிக் கோட்டை விட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். எதிர்வீட்டு வாத்தியாரின் பெண்ணோ பயிற்சி வகுப்புக்குப் போய் மூன்று தருணங்களோடு திரும்பியிருந்தாள்: மழை, முதியவர், சிட்டுக்குருவி.

மகளை இழுத்துப்போய்ச் சமையல் மேடை முன்னால் நிறுத்தினாள்.

"நல்லாப் பாரு. என்ன தெரியுது?"

"எறும்பு போகுதும்மா."

"போறதைப் பார்த்தா உனக்குள்ள என்னடி தோணுது?"

"சர்க்கரை டப்பாவை நீ மூடலைன்னு தோணுது."

அம்மா டப்பாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

கடைசியில் மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு சாயங்காலம் அம்மாவுக்கு ஊசிக் காது தெரியாமல் போக, இவள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். விஷயம் மூன்று வரிதான். பெரிய எழுத்தில் எழுதி இரண்டு பக்கம் ஆக்கினாள்.

சரிபார்ப்புப் பிரிவின் குமாஸ்தா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை நொடி என்று கேட்டார்.

"பத்து இருக்கும் சார்," என்றாள் அம்மா.

"பத்துன்னா அது நிகழ்ச்சிம்மா. அதுக்கு மாடிக்குப் போகணும்."

"அப்ப ஒன்பது சார்."

சாட்சி யார் என்றார். தானே என்றாள் அம்மா. பெற்ற தாய் சாட்சி ஆகாதாம். அதிகாரி முன்னிலையில் தருணத்தை மறுபடி நேரவைத்துக் காட்ட வேண்டுமாம். தையல்காரி பையில் ஊசிக்கா பஞ்சம்? அதிகாரி வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மகள் ஒரே குத்தில் கோத்துவிட்டாள்.

குமாஸ்தா அவள் முகத்தை அருகில் வந்து பரிசோதித்தார். "அர்த்தம் எதுவும் தென்படலை ஐயா."

அதிகாரி தள்ளுபடி முத்திரையை எடுத்தார். தள்ளுபடியானால் இனி அடுத்த வருடம்தான். அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அதிகாரி முத்திரையை மாற்றிக்கொண்டு, "தாயின் கண்களில் நீர் காணப்பட்டது. அர்த்தம் உண்டு," என்று எழுதச் சொன்னார்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதம்மா," என்றாள் மகள், வழியெல்லாம்.

"நான் எதுக்குடி சொல்லப்போறேன்?"

மறுநாள் கடைக்கு வந்த முதல் ஆளுக்குத் தோள் அளவு எடுக்கும்போதே அம்மா கதையை ஆரம்பித்தாள். இடுப்புக்கு வருவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கை நீளத்தில் கண்ணீரும் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பிள்ளையைப் பெற்றவர்களாகவே கடைக்கு வந்தார்கள். யாரும் துணி கொடுக்கவில்லை, அளவு மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. மகள் உரக்கப் படித்தாள்: "தங்கள் தருணம் இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நேர்ந்திருப்பதால், அது பொதுத் தருணமாக அறிவிக்கப்படுகிறது. மூன்று நாட்களுக்குள் வேறொன்று நேரப்பெற்று, உரிய முத்திரையுடன் சமர்ப்பிக்கவும்."

படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஓடாத தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்தாள்.

"வாடி, வந்து நில்லு. கதவைச் சாத்திட்டு வா, யாராவது பார்த்துடப்போறாங்க."

எறும்புக் கதையையும் அளவெடுக்கும்போதே சொல்லித் தொலைத்திருந்தாள். மகள் கதவைச் சாத்தப் போனபோது, பக்கத்து வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.