கோலாருக்கு ஒரு கரி பஸ்

செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சைக்கிள் பந்தயத்துக்கு நான் பஸ்ஸில் போனேன்.

அது யுத்த காலம். நான் கன்டோன்மென்டில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. வீடு மர்பி டவுனில். எங்கள் தெருக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் கிளப் வைத்திருந்தோம். தலைவன் செல்வராஜ், பட்டறையில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டான். அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். கோலார் வரை குழுப் பந்தயம் என்று தெரிந்ததும், "கோலாரா? ஒரே மூச்சுல போயிடுவேன்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். (அதுவரை நான் போன அதிக தூரம், ஊருக்குள்ளேயே இருக்கும் லால்பாக் தோட்டம்.)

நாற்பது மைலுக்கு மேல். ஆறு பேரும் போய்ச் சேரவேண்டும். ஆறாவது ஆள் சேரும் நேரம்தான் குழுவின் நேரம்.

விடிந்ததும் அல்சூரில் புறப்பட்டோம். வேடிக்கை பார்த்தவர்களில் பெண்களும் இருந்ததால் முதல் ஐந்து மைலுக்கு நான்தான் முன்னால் பறந்தேன். ஹொஸ்கோட்டை ஏரிக்கரை வந்தபோது கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போலிருந்தன.

"இன்னாடா ஆச்சு?" என்றான் செல்வராஜ்.

"செயின் கழண்டுக்கிச்சு. நீங்க போய்க்கினே இருங்க, பிடிச்சிடறேன்."

நம்பிவிட்டுப் போனார்கள். தொப்பியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு முகம் கழுவினேன். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. (பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய பஸ்.) கோலாருக்கு முன்னால் இறங்கி, ஒன்றும் தெரியாதவன்போல் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. சைக்கிளை மேலே ஏற்றினேன். அவசரத்தில் தொப்பியை மறந்தேன். சற்றுத் தூரத்தில் எங்கள் ஐந்து பேரையும் பஸ் தாண்டியபோது, சீட்டுக்கடியில் குனிந்து, காலில் இருந்த செருப்பையே தேடினேன்.

கோலார் எல்லையில் இறங்கி நின்றவனைப் பந்தயத் தொண்டர் ஒருவர் பார்த்துவிட்டார். "பந்த்ரு, பந்த்ரு!" (வந்துட்டாருங்க!) கரி அப்பிய முகத்தைப் பார்த்து, என்ன உழைப்பு என்று வியந்தார்கள். பந்தலில் சாய்வு நாற்காலி, மோர், கழுத்தில் ரோஜா மாலை. மறுத்திருக்கலாம். (மறுக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.) எதிர்க்குழு வந்து ஜெயித்தது. எங்கள் ஆட்களைக் காணோம். நான் தூங்கிப்போனேன்.

அலறல் கேட்டு அரைக்கண்ணால் பார்த்தேன். செல்வராஜ் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தலை, சட்டை எல்லாம் காய்ந்த சேறு. கையில் என் தொப்பி.

"யாருங்க எடுத்தது? நான் அவ்ளோ தேடினேனே, எங்கருந்துங்க எடுத்தீங்க?" என்று தொண்டர்களைக் கேட்டான்.

நான் வராததால் ஐவரும் திரும்பிப் போயிருக்கிறார்கள். கரையில் தொப்பியைக் கண்டு, சைக்கிளோடு ஏரிக்குள் விழுந்து மூழ்கிவிட்டேன் என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். நால்வர் இன்னும் அங்கே மீன்காரர்களோடு தேடிக்கொண்டிருக்க, இவன் தகவல் சொல்ல வந்திருக்கிறான். வந்த இடத்தில் கழுத்தில் மாலையோடு, கண் மூடி, நாற்காலியில் நான்!

கண்ணை முழுதாகத் திறந்தேன். பின்னால் விழுந்தவன், எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினான். "உயிரோட கீறான்! டேய், எப்படிடா வந்த?"

லாரிக்காரர் காப்பாற்றினார் என்று ஒரு பொய் தொண்டைவரை வந்தது. அவன் இமையில்கூடச் சேறு இருந்தது. பொய் அங்கேயே நின்றுவிட்டது.

"பஸ்ல," என்றேன்.

அவன் அடிக்கவில்லை. அடிக்க மாட்டானா என்று இருந்தது. தொப்பியை என் தலையில் வைத்தான். "அவனுங்க இன்னும் தேடிக்கினு இருப்பானுங்க. போய் சொல்லணும்" என்று சைக்கிளை எடுத்தான். மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் பின்னால் போனேன். ஹொஸ்கோட்டை வரை எங்கேயும் இறங்கவில்லை. அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்தில், மாலை விழுந்ததும் கூட்டத்திலிருந்து செல்வராஜ் கத்தினான்: "கண்ணை மூடாதடா!" மண்டபமே சிரித்தது. இன்றுவரை எங்கள் வீட்டில் யார் மாலை போட்டாலும் பேரப்பிள்ளைகள் அதையே கத்துகிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஆனால் அன்று கல்யாணப் பந்தியில் செல்வராஜின் அம்மா என் மனைவியிடம் சொன்ன ஒன்றை மட்டும் யாரும் சிரிப்புக்குச் சொல்வதில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது.